தேறிய தேன்

யூபிலி மலருக்கு நினைவுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் எமக்கு மும்முறை கடிதம் விடுத்துவிட்டார். கல்லூரியின் வரலாற்றையும், அதிபர்களின் சேவையையும், விளையாட்டு வெற்றிகளையும் எம்மினும் நன்கு எழுத வல்லோர் பலர் உளர். எனவே அவற்றை அவர்களுக்கே விட்டு, ஒரு போத்தல் தேனைப்பற்றி எழுதத் துணிந்தோம். மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் கொண்ட நாட்டிலே பிறந்தவர் தேனைப்பற்றி எழுதுதல் புதுமையன்று. ஆயினும் அத்தேன் காரணமாக யாம் இக்கல்லூரியிலிருந்து விலக்கப்படவிருந்த செய்தியை இன்றைய மாணவர் அறியார்.

எமது ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளது. அந்நாளில் பட்டணம் வருவதென்றால் துறையிலே காத்திருந்து தோணி ஏறவேண்டும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர்ப் பிறந்த பிள்ளைகளுக்குத் துறையடியிற் காத்திருத்தல் இன்னதென்று விளக்குதல் அரிது. தோணிக்காரன் மறுகரையில் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை இக்கரையார் நிற்பார்கள், ஒருவரும் முணுமுணுக்கமாட்டார்கள். 1962ஆம் ஆண்டில் அத்துறையைக் கடந்து வந்து, கல்லூரி விடுதியிற் சேர்ந்தோம்.

தாயைப் பெற்ற பாட்டனார் எம் வீட்டிலேயே இருந்தார். எம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்வழிச் சொத்து. ஆதலால் அம்மப்பாவின் சொல்லே அங்குச் சட்டம். ஆனி, ஆடி மாதங்களில் உன்னிச்சைப் பக்கத்துக் காட்டிலிருந்து தேன் எடுப்போர் வருவர். அவர்களுக்கு நெல்லை அளந்து கொடுத்து, தேன் வதைகளை அப்படியே வாங்குவார். வடித்த தேனை வாங்கமாட்டார். "வதையைக் கண்ணால கண்டாத்தான் தேனைத் தெரியும் மனே" என்பார். கடதாசியில் ஊற்றி எரித்தும், நீரிற் சொட்டவிட்டும் தேனின் தூய்மையைச் சோதிக்கும் வித்தைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிற்காலத்தில் இரசாயனம் படித்த யாமும் அவர் கட்சியே. திறமையாகக் காய்ச்சிய சீனிப்பாகு அச்சோதனைகளுள் பலவற்றில் வென்றுவிடும்.

வாங்கிய வதைகளை அவர் பதப்படுத்தும் முறை தனி. மெழுகு மூடி அடைத்த வதையை ஒருபுறமும், மூடாத வதையை மறுபுறமும் பிரிப்பார். புழு இருக்கும் பகுதியை அறுத்து எறிவார். மூடிய வதையைக் கத்தியாற் கீறி, வெள்ளைத் துணியிலே முடிந்து, வளையிற் கட்டித் தொங்கவிட்டு, கீழே மண்பானையை வைப்பார். அவ்வளவே. அதன்பின் துணியில் எவரும் கை வைத்தல் ஆகாது. தேன் தன் பாரத்தால் தானே இறங்கவேண்டும். முதல்நாள் நூல்போல் இறங்கும். மூன்றாம் நாள் துளியாகும். அதன்பின் துளிக்கும் துளிக்கும் இடையே ஒரு தேவாரத்தைப் பாடி முடிக்கலாம். துளி நின்ற பின்னர்ப் பானையை வேடு கட்டி, ஒரு மண்டலம் அசையாமல் வைப்பார். மெழுகும் நுரையும் மேலே மிதக்கும். மண்ணும் கசடும் அடியிற் படியும். நாற்பத்தெட்டாம் நாள் மேலாடையை அகப்பையால் நீக்கி, பானையை மெல்லச் சரித்து, நடுவில் நிற்பதை மாத்திரம் சாடியில் இறுப்பார். அடியிற் கிடப்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவார். அதற்காகவே யாம் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்போம்.

இவ்வாறு தெளியவைத்து இறுத்ததையே பண்டைத் தமிழர் தேறல் என்றனர். தேறுதலாவது தெளிதல். கலங்கிய நீர் தேறும்; நோயாளி தேறுவான்; மாணவன் பரீட்சையில் தேறுவான்; ஒருவரை நம்புவதும் தேறுதலே. இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி வேறு உண்டோ என்பதைப் பன்மொழிப் புலவர்கள் ஆராய்க. தேனினாற் செய்த மதுவை நெடிய மூங்கிற் குழாயிலே இட்டு, முதிரவைத்து, மலைவாணர் உண்டதைத் திருமுருகாற்றுப்படை கூறும். யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த தேறலை நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குப் பாடிய புறப்பாட்டிற் குறிப்பார். அது புறநானூற்றில் 56ஆம் பாட்டு. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து திராட்சை மது வந்த இருகாதுச் சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. புலவர் வாக்கிற்கு மண்ணே சாட்சி சொல்லிற்று.

இனி எம் குற்றத்திற்கு வருவோம்.

1963ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், விடுதியில் எமக்குப் பக்கத்துக் கட்டிலில் உறங்கிய நண்பரொருவர் எம்மோடு ஊருக்கு வந்தார். அவர் பட்டணத்துப் பிள்ளை. வாவியைக் கடந்ததே அவருக்கு அதுதான் முதல்முறை. அவ்வாண்டுத் தேனில் முதல் முடிச்சு வடிந்து முடிந்து, சாடிக்குப் போய்விட்டது. இரண்டாம் முடிச்சு வளையிலே தொங்கிக்கொண்டிருந்தது. விடுதிக்குத் திரும்பும்போது ஒரு போத்தல் தேன் கொண்டுபோக விரும்பினோம். "இன்னும் தேறல்ல மனே, பொறு" என்று அம்மப்பா சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். யாமோ பொறுக்கவில்லை. நண்பரும் யாமும் துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். ஒரு வாரத்தில் இறங்கவேண்டிய தேன் அரை நாழிகையில் இறங்கிற்று. கலங்கலாக இருந்தது, எமக்கென்ன? அம்மா அழைக்கவே யாம் வாசலுக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது நண்பர் போத்தலை நிரப்பி, தக்கையை இறுக அடைத்து, எஞ்சியதைப் பானையிலேயே ஊற்றி மூடியிருந்தார்.

போத்தல் எமது தகரப் பெட்டியில், உடுப்புகளுக்கு அடியிற் பன்னிரண்டு நாள் கிடந்தது. பதின்மூன்றாம் நாள் இரவு, படிப்பு நேரம் முடிந்து விளக்கணைத்தபின், துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை எழுந்தது. பெட்டிக்குள் தக்கை பறந்துவிட்டது. வேட்டி சட்டையெல்லாம் நுரை. மணமோ ஐயத்திற்கிடமின்றிக் கள்ளின் மணம்! இந்துக் கல்லூரி விடுதியில், வெள்ளிக்கிழமை இரவில், கூட்டுப் பிரார்த்தனை முடிந்து ஒரு மணி நேரத்திற்குள் இது நிகழ்ந்தது. விடுதி மேற்பார்வையாளர் கைவிளக்கோடு வந்தார். அவர் நல்லவர், ஆயின் மூக்கை நம்புபவர். கள்ளையோ கள்ளின் மண்டியையோ தேனிற் கலந்து வைத்திருக்கின்றோம் என்று தீர்மானித்துவிட்டார். அது வெறுந்தேன் என்று யாம் அழுதுகொண்டே சொன்னோம். பக்கத்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த நண்பரைப் பார்த்து, "உனக்கு இதுபற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்து, "தெரியாது சேர்" என்றார்.

மறுநாள் காலை எம்மை வெளியேற்றினார்கள். பெற்றோரை அழைத்து வரவேண்டும், விசாரணை முடியும்வரை விடுதியில் இடமில்லை என்பது கட்டளை. பட்டணத்தில் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையிற் படுத்தோம். போத்தல் வெடித்த ஓசையிலும் அந்தத் "தெரியாது" என்ற சொல்லே செவியில் நின்றது.

மூன்றாம் நாள் அம்மப்பா வந்தார். ஒரு கையிற் சாடி. மறு கையில் வாழையிலையால் வாய் மூடிய சிறு முட்டி. அதிபரின் அறைக்கு வெளியே மேற்பார்வையாளர் முன்னிலையில் இரண்டையும் தரையில் வைத்தார். "ஐயா, இது தானா வடிஞ்ச தேன். இது பொடியனுகள் பிழிஞ்ச தேன். ரெண்டும் ஒரு காட்டு வதைதான். வைச்சுப் பாருங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முட்டியில் இருந்ததும் அப்போதே நுரைத்துக்கொண்டிருந்தது.

எம் விஞ்ஞான ஆசிரியர் அவ்வழியே வந்தார். விபுலாநந்த அடிகளாரும் விஞ்ஞானம் கற்பித்தவரே என்று வாரம் ஒருமுறையாவது எமக்கு நினைவூட்டுபவர் அவர். காரைதீவிலே 1892இற் பிறந்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், பல்லாண்டு உழைத்து யாழ்நூல் கண்டார் என்பதும், அந்நூல் 1947 ஆனியிலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிச் சில வாரங்களில் அவர் மறைந்தார் என்பதும் யாம் முதலிற் கேட்டது இரசாயன வகுப்பிலேதான். ஆசிரியர் இரு கலங்களையும் பார்த்தார். எம் முகத்தையும் பார்த்தார். "நாலு நாள் தாருங்கள்" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார்.

அந்நான்கு நாளும் ஆய்வுகூடத்திற்கு வரும்படி எமக்கு அனுமதி வாங்கித் தந்தார். முதல்நாள் சுண்ணாம்பைத் தண்ணீரிற் கரைத்துக் கண்ணாடிச் சாடியில் வைத்தார். பால்போல் இருந்தது. "இதைத் தொடாதே" என்றார். மறுநாள் அது பளிங்காகத் தெளிந்து நிற்க, அடிச் சுண்ணாம்பு அசையாமல் மேனீரை மெல்ல இறுத்தார். பின்பு மூன்று குடுவைகள்: ஒன்றில் எம் போத்தலின் மிச்சம், ஒன்றில் அம்மப்பா கொணர்ந்த முட்டித் தேன், ஒன்றிற் சாடித் தேன். ஒவ்வொன்றிலிருந்தும் வளைகுழாய் புறப்பட்டுச் சுண்ணாம்புத் தெளிநீருள் இறங்கிற்று. முதலிரண்டும் குமிழியிட்டன, விடியுமுன் அவற்றின் தெளிநீர் பாலாகிவிட்டது. மூன்றாவது அசையவில்லை. நான்காம் நாள்வரை அது தெளிந்தே நின்றது. எவரும் கள் கலவாத, ஊரிலேயே கிடந்த முட்டித் தேனும் எம் போத்தலைப்போலவே பொங்கியது கண்டு, மேற்பார்வையாளர் நெடுநேரம் நின்றார். மிதந்த மெழுகுத் துகளையும் ஆசிரியர் காட்டினார்; கள்ளில் மெழுகு ஏது? "உடுப்பைத் தோய்த்து எடுத்துக்கொண்டு வா" என்றார் மேற்பார்வையாளர். அதுவே தீர்ப்பு. யாம் கல்லூரியில் நிலைத்தோம்.

அம்மப்பா சாடித் தேனில் ஒரு போத்தலை ஆசிரியருக்கு அளித்தார். இன்னொரு போத்தலை நிரப்பி, தக்கையின்மேல் மெழுகுருக்கி வார்த்து, எம்மிடம் காட்டினார். "நீ தேறினாப் பிறகு இதைத் திறப்பம்." பரீட்சையை மனத்திற்கொண்டு சொன்னார் என்று எண்ணினோம். யாம் சாதாரண தரத்திற் சித்தியெய்தியது 1966இல். அவர் காலமானது 1965இல். அவரின்றி அதைத் திறக்க எவருக்கும் மனம் வரவில்லை. அம்மா அதை நெற்பட்டறையின் அடியில் வைத்தார். 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி கூரையைக் கொண்டுபோயிற்று. தென்னைகள் வரிசையாய் விழுந்தன. காலையில் நெல்லெல்லாம் நனைந்து கிடக்க, போத்தல் இருந்த இடத்திலே இருந்தது.

யாமும் இரசாயன ஆசிரியரானோம். ஆண்டுதோறும் மாணவர்க்கு இக்கதையைச் சொல்லி, நொதித்தலை விளக்கினோம். மலரிலிருந்து தேனீ கொணரும் மதுரசத்திற் பெரும்பகுதி நீர். அதைத் தேனீக்கள் வாய்க்கு வாய் மாற்றியும், இரவு பகலாகச் சிறகால் விசிறியும் வற்றச் செய்கின்றன. நூற்றுக்கு இருபது பங்கு அளவிற்கு நீர் குறைந்த பின்னரே அறையை மெழுகால் மூடும். அந்த நிலையில் மதுவங்கள் தேனிலே வாழமாட்டா. சீனியின் செறிவு அவற்றின் உடல்நீரை உறிஞ்சிவிடும். நீர் மிகுமாயின் அவை விழித்துக்கொண்டு, சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். "யாம் மூடாத வதையையும் சேர்த்துப் பிழிந்ததால் நீர் மிகுந்தது" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். இவ்விளக்கத்தை இருபது ஆண்டு சொன்னோம்.

1989ஆம் ஆண்டில் ஒரு கல்வி அலுவலாக இலண்டன் செல்ல நேர்ந்தது. அந்த நண்பர் 1974 முதல் அங்கே இருந்தார். பள்ளி விட்டபின் கடிதப் போக்குவரவு உண்டு, தீபாவளி வாழ்த்து உண்டு, அதற்குமேல் இல்லை. காரணம் அவரும் அறிவார், யாமும் அறிவோம். புறப்படுமுன் அம்மா அந்தப் போத்தலைத் துணியிற் சுற்றிக் கையிலே தந்தார். "அந்தப் பிள்ளைக்கும் இதில பங்கிருக்கு" என்றார். யாம் விருப்பத்தோடு கொண்டுபோகவில்லை. அடுத்த ஆண்டில் எம் ஊர் வீடு இருந்த இடம் தெரியாமற் போயிற்று. அங்கே வைத்திருந்தால் போத்தலும் போயிருக்கும்.

நண்பர் எமக்கு மரக்கறி விருந்தளித்தார். தமக்கென்று பிரான்சு நாட்டுப் போர்தோவிலிருந்து வந்த, 1970ஆம் ஆண்டு அறுவடையின் சிவந்த திராட்சை மதுப் போத்தலொன்றை எடுத்தார். யாம் மதுவருந்துவதில்லை. ஆயினும் அவர் அதைத் திறந்த விதம் எம்மைக் கட்டிப்போட்டது. முதல்நாளே போத்தலை நிமிர்த்தி வைத்திருந்தார். மெழுகுதிரியொன்றைக் கொளுத்தி, போத்தலின் கழுத்து அதன்முன் நிற்கும்படி பிடித்து, அகன்ற கண்ணாடிக் குடுவையில் மயிரிழைபோல் ஊற்றினார். மதுவிலுள்ள துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்து, பாரமாகி, அடியிற் படியும் என்றார். துவர்ப்பு அடங்கி மது மிருதுவாவது அதனாலே. கழுத்தில் இருள்நிழல்போற் கசடு தலைகாட்டியதும் கையை நிமிர்த்திவிட்டார். இரண்டு மடக்கு வீணாகப் போயிற்று. இளமது கடுப்பாயின் குடுவையிற் சில மணி நேரம் காற்றுண்ண விடலாமாம். முதுமதுவை இறுத்தவுடன் அருந்தவேண்டுமாம், அதன் மணம் காற்றில் விரைவிற் கலைந்துவிடும். எல்லா மதுவும் முதிர முதிரச் சிறக்கும் என்பது தவறு என்றும், உலகிற் செய்யப்படுவனவற்றுட் பெரும்பாலானவை சில ஆண்டுகளிற் குடிப்பதற்கே உரியவை என்றும் சொன்னார். பேச்சு மதுவைப்பற்றியதாக இருந்தது. கண்கள் எமது துணிப்பொதியையே நாடின.

யாம் பொதியை அவிழ்த்தோம். மெழுகு முத்திரையைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. கிண்ணத்தில் இருந்ததை ஒருபுறம் தள்ளி வைத்தார்.

"மச்சான், அண்டைக்குத் தண்ணி ஊத்தினது நான்தான்."

எமக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அம்மா அழைத்து யாம் வாசலுக்குப் போன பொழுதில், போத்தல் நிரம்பவில்லையாம். துணியில் ஒட்டியிருந்ததை விட மனமின்றி, ஒரு செம்பு தண்ணீரில் துணியை அலசி, அந்நீரைப் போத்தலிலும் பானையிலும் ஊற்றினாராம். தக்கை வெடித்த இரவில், தண்ணீர் கலந்த குற்றமே தம்மைப் பிடிக்க வருகின்றது என்று அஞ்சித் "தெரியாது" என்றாராம். ஆய்வுகூடத்தில் விடை வெளிப்பட்டபோது சொல்ல நினைத்தாராம். அதற்குள் யாம் விடுதலை பெற்றுவிட்டோம், பின்பு ஒவ்வோராண்டும் அது மேலும் கடினமாயிற்றாம்.

யாம் சிரித்துவிட்டோம். கோபம் வரவேண்டிய இடத்தில் வெட்கமே வந்தது. பிழிந்த தேன், மூடாத வதை கலந்ததாயினும், பன்னிரண்டு நாளில் தக்கையை வெடிக்கச் செய்யுமா? ஓர் இரசாயன ஆசிரியருக்கு அது தோன்றியிருக்கவேண்டும். நண்பர் காட்டிக்கொடுத்தார் என்ற நினைவிலேயே கண் நின்றமையால், கணக்கு எம் கண்ணிற் படவில்லை. ஊர் திரும்பியதும் முதல் வகுப்பிலே திருத்தம் சொன்னோம். முன்னர்ப் படித்துச் சென்ற மாணவர் இம்மலரைக் காண்பாராயின் இதனையே திருத்தமாகக் கொள்க: கலந்தது தண்ணீர்.

தேனின் அடியிற் பாதி கற்கண்டாய் உறைந்திருந்தது. இளஞ்சூட்டு நீரிற் போத்தலை ஒரு மணி நேரம் நிறுத்தினோம். கொதிநீர் கூடாது. இளகியபின் அவரே மெழுகுதிரியின்முன் பிடித்து, அதே கையடக்கத்தோடு சிறு கிண்ணத்தில் இறுத்தார். நிறம் பழம்புளிபோல் இருண்டிருந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி. உண்மையை உள்ளபடி சொல்லுதல் எம் தொழில். பழந்தேன் உடற்பருமனைக் குறைக்கும் என்று சுசுருதர் முதலியோர் உயர்த்திப் பேசினும், காலம் செல்லச் செல்லத் தேனின் மலர்மணம் குறைகின்றது, நொதியங்கள் தளர்கின்றன, சீனியின் சிதைவுப் பொருள்கள் ஏறுகின்றன. அவற்றை அளந்து தேனின் பழமையையும் அது சூடேற்றப்பட்டதையும் கண்டுபிடிக்கும் முறை இன்று உண்டு. அந்த இருபத்தாறு ஆண்டுத் தேனில் காட்டின் மணம் ஏறத்தாழ இல்லை. மெல்லிய கசப்பொன்றும், எரித்த சீனியின் வாசமும், நாவை விட்டகலாத ஒரு கனமும் இருந்தன. அவ்வாண்டுப் புதுத்தேன் அதனினும் இனிமையாகவே இருந்திருக்கும். நண்பர் இதை ஒப்பவில்லை. அத்தகைய தேனை உலகில் எங்கும் உண்டதில்லை என்று சாதித்தார். மறு கரண்டி கேட்டபடியால் எமது வாதம் வலுவிழந்தது. அவருடைய 1970ஆம் ஆண்டு மது குடுவையிலேயே கிடந்து மணமிழந்தது.

போத்தலின் எஞ்சிய தேனை அவரிடமே விட்டு வந்தோம். திரியின் மெழுகை உருக்கித் தக்கையில் வார்த்து அடைத்தார். அதன்பின் மாதம் ஒரு கடிதம் வரும். போர்க்காலத்திற் சில கடிதங்கள் நான்கு மாதம் கழித்து வந்ததுண்டு.

நண்பர் 2011ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய மகள் அடுத்த ஆண்டு இங்கு வந்தபோது, துணியிற் சுற்றிய பொதியொன்றை எம் கையிலே தந்தார். முத்திரை அப்படியே இருந்தது. 1989இற்குப் பின்னர் அவர் அதைத் தொடவில்லை. நான்கு விரற்கடை தேன் உள்ளது.

விடுதியில் அன்று எம்மோடு ஒரே அறையிற் படுத்தவர்களுள் இன்று ஐவரே இருக்கின்றோம். யூபிலி விழாவிற்கு நால்வர் வருவதாக எழுதியிருக்கின்றனர். ஒருவருக்கு முழங்கால் வருத்தம், வண்டி அனுப்புவோம். விழாவின் இரண்டாம் நாள் மாலை எம் வீட்டிற் கூடுவோம். போத்தலை முதல்நாளே நிமிர்த்தி வைத்துவிடுகின்றோம்.